கடை வீட்டுப் பிள்ளை: எட்டு வயதுச் சிறுவனின் எடையும் ஒரு கணக்கு நோட்டும்

இந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதிருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றவை ஆலோசனைக் குறிப்பேட்டில் உள்ளபடி.

பின்னணி

2023 ஜூலையில் குழந்தை மருத்துவர் ஒருவர், எட்டு வயது மூன்று மாதமான சிறுவனை உணவு ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பினார். மதுரைப் பக்கம் ஒரு சிறு நகரம். அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. தாய் மருத்துவரிடம் போனது எடைக்காக அல்ல. பையனின் பின்கழுத்தில் படிந்திருந்த கருமை எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவைப் போட்டுப் பீர்க்கை நாரால் மாதக்கணக்கில் தேய்த்திருக்கிறார். தோல் புண்ணானதுதான் மிச்சம். உடலில் இன்சுலின் தேவைக்கு மேல் சுரக்கும்போது தோல் இப்படித் தடித்துக் கறுக்கும். எடை கூடிய பிள்ளைகளின் கழுத்திலும் அக்குளிலும் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

உயரம் 128 செ.மீ., எடை 32 கிலோ. உயரத்துக்கும் எடைக்குமான விகிதமாகிய பி.எம்.ஐ. 19.5. பெரியவர்களிடம் இந்த எண் சரியான எடையைக் காட்டும். பிள்ளைகளுக்கு வயதோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் இந்த வயதுப் பையனுக்கு 17.5ஐ ஒட்டி அதிக எடை தொடங்குகிறது, 20ஐ ஒட்டி உடல் பருமன். இவன் இரண்டாவது கோட்டின் வாசலில் நின்றான். இன்னும் முக்கால் கிலோ ஏறியிருந்தால் தாண்டியிருப்பான்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை, இரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தன. "தைராய்டு பார்க்க வேண்டாமா?" என்று அப்பா மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். எடை கூடிய பிள்ளை வயதுக்கேற்ற உயரம் வளராமல் நின்றிருந்தால் அந்தச் சந்தேகம் வரும். இவன் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தான் என்பதால் மருத்துவர் அதைத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

வீட்டில் ஐந்து பேர். அப்பத்தாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. அப்பாவுக்கு 38 வயது. அவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு கண்டறியப்பட்டிருந்தது. நான்கு வயதுத் தங்கையின் எடை சரியாக இருந்தது. வீட்டார் கணக்கில் மட்டும் அவள் நோஞ்சான்.

பையன் பிறந்தபோது 2.1 கிலோ. நான்கு வயதில் டெங்குக் காய்ச்சலோடு ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்திருக்கிறான். அந்த ஆறு நாளை அப்பத்தா மறக்கவே இல்லை. "எலும்பும் தோலுமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம் தாயி. இந்தச் சதையெல்லாம் நான் ஊட்டி வளர்த்த சதை. இதையா கரைக்கச் சொல்கிறீர்கள்?" என்று முதல் நாளே கேட்டார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பத்தாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. அவர் அறியாத ஒன்றும் இருந்தது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் எழுதினார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையிலும் உள்ளுறுப்புகளிலும் நம் குழந்தைகள் வெகுவாகச் சிறுத்திருந்தன. தோலுக்கடியில் இருந்த கொழுப்பில் அந்த அளவுக்குக் குறைவில்லை. எடை குறைவாகப் பிறந்த பிள்ளையை அவசரமாகக் கொழுக்க வைத்தால் ஏறுவதில் பெரும்பகுதி ஊளைச்சதைதான்.

முதல் முயற்சி

மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னேன். தாய் ஒழுங்காக எழுதி வந்தார். காலையில் நான்கு இட்லி, பள்ளிக்கு எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், மாலையில் பால், இரவு எட்டு மணிக்கு மூன்று தோசை. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 1,600 கிலோ கலோரிகூடத் தேறவில்லை. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவே 1,700. எழுதியிருந்ததை வைத்துப் பார்த்தால் இவன் எடை கூடியிருக்கவே முடியாது.

அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. கையிருப்பில் இருந்த அச்சடித்த உணவு அட்டவணையில் இவன் பெயரை எழுதிக் கொடுத்தேன்: இட்லி மூன்று, தோசை இரண்டு, பிஸ்கட், சிப்ஸ் கூடாது, இனிப்பு கூடாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவனுக்கு மட்டும் சட்டம்.

மூன்று வாரம் கழித்து எடை 32.7. பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே கிரீம் பிஸ்கட் உறைகள் ஒரு கை நிறையக் கிடைத்ததாகவும், அன்றைக்கு அவனை அடித்துவிட்டதாகவும் தாய் சொன்னார். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் சொன்னார், ஆனாலும் கதவு திறந்தே இருந்தது. என் அட்டவணை வருவதற்கு முன் அவன் எதையும் ஒளித்துத் தின்றதில்லை. அதற்கு முன் அவனுக்கு அந்த அவசியம் இருக்கவில்லை.

வீட்டில் கண்டது

ஆகஸ்டு கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடைக்கே போனேன். பள்ளி வேன் கடை வாசலில்தான் நிற்கிறது. மாடிக்குப் போகும் படி பக்கத்துச் சந்தில் இருந்தாலும் எல்லோரும் கடை வழியாகவே ஏறுகிறார்கள்.

கடை முன்பக்கம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கின. பெரியவர்களுக்கு அவை நெற்றியில் இடிக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மூட்டை படுக்க வைக்கப்பட்டிருந்தது. அதுதான் பையனின் நாற்காலி. மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தால் சரத்தின் கடைசிப் பொட்டலம் சரியாக அவன் கைக்கு வந்தது. வந்து உட்கார்ந்த வேகத்திலேயே ஒன்றைப் பிய்த்தான். அப்பா எடை போட்டுக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. கால் மணி நேரத்தில் இரண்டாவது. சரக்கு இறக்க வந்த ஆள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தன் காசிலேயே ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். மாடியில் தாய் பாலோடு காத்திருந்தார். அவர் எழுதிய நோட்டில் 'மாலை: பால்' என்று இருந்தது பொய்யே இல்லை. அவர் கொடுத்தது பால்தான்.

அந்தப் பாலையும் பார்த்தேன். பெரிய டம்ளர், சத்து பானப் பொடி குவித்து இரண்டு கரண்டி, அதன் மேல் சீனி இரண்டு கரண்டி. ஒரு நாளைக்கு மூன்று முறை. சீனி மட்டுமே முப்பது கிராம் ஆகிறது. பொடிக்குள் இருப்பது தனி. சேர்க்கும் சீனி மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இவனுக்கு அது முறையே 42 கிராமும் 21 கிராமும். பிஸ்கட்டைத் தொடும் முன்பே நல்ல அளவைத் தாண்டிவிடுகிறான்.

இரவு கடை அடைக்கும்வரை நான் இருக்கவில்லை. அதைத் தாய்தான் சொன்னார், சற்றுத் தயங்கி. பத்தரை மணிக்கு அப்பா மேலே வரும்போது வாரத்தில் மூன்று நாளாவது பரோட்டா, சால்னா வாங்கி வருவார். எட்டு மணிக்குத் தோசை தின்ற பையன் அதுவரை விழித்திருந்து அவரோடு மறுபடி சாப்பிடுவான். "சாப்பாட்டுக்காக இல்லைங்க. அப்பாவோடு பேச அவனுக்கு வேறு நேரமே கிடையாது" என்றார். தூங்கும்போது பதினொன்றரை. ஆறரைக்கு எழுப்பினால் ஏழு மணி நேரத் தூக்கம். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறையக் குறையப் பசியும் இனிப்பு மேல் நாட்டமும் கூடும்.

சமையலறையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அடுப்பு ஒன்று, சமையல் இரண்டு. அப்பத்தாவுக்கு என்று தனியாகக் கீரை, பச்சைப்பயறுச் சுண்டல், எண்ணெய் குறைத்த பொரியல். மற்ற நால்வருக்கும் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும். நீரிழிவு உள்ள அப்பாகூட இந்த இரண்டாவது சமையலைத்தான் சாப்பிட்டார். அந்த வீட்டில் மருத்துவர் சொன்ன சாப்பாடு ஏற்கெனவே தினமும் வெந்துகொண்டுதான் இருந்தது, நோயாளிக்கு மட்டும்.

எடுத்த முடிவுகள்

அட்டவணையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இலக்கு எடையைக் குறைப்பது அல்ல என்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். வளரும் வயது, எடை இருந்த இடத்தில் நின்றாலே உயரம் கூடக்கூட விகிதம் தானாக இறங்கும். அப்பத்தாவுக்கு இந்த ஒரு வாக்கியம் பெரிய ஆறுதல். பிள்ளையின் வயிற்றை யாரும் கட்டப்போவதில்லை என்று அவர் அப்போதுதான் நம்பினார்.

அப்பாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். தெருவில் முக்கால்வாசி வீட்டின் கடன் அவரது நீள நோட்டில் இருக்கிறது. அதைப் போல வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கடையிலிருந்து வீட்டார் யார் எதை எடுத்தாலும் ஒரு வாரம் எழுத வேண்டும். தடை எதுவும் இல்லை, எழுதினால் போதும். பிஸ்கட் கூடாது என்று நான் சொன்னால் அது என் சொல். அவர் கையெழுத்தில் இருந்தால் அது கணக்கு. கடைக்காரர் கணக்கோடு வாதாட மாட்டார் என்று எண்ணினேன்.

ஏழு நாளில் 46 உருப்படிகள். பையன் 24, தங்கை 9, அப்பா 8, மற்றவர்கள் 5. அப்பா அந்தப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "யாரோ ஒரு வீட்டுக்காரன் இவ்வளவு வாங்கியிருந்தால் பணக்கார வீடு என்று நினைத்திருப்பேன்" என்றார். அப்புறம் ஒரு சிப்ஸ் பொட்டலத்தைத் திருப்பி, இத்தனை ஆண்டுகளாக விற்றும் படித்திராத சிறிய எழுத்தைப் படித்தார்: 100 கிராமுக்கு 540 கிலோ கலோரிக்கு மேல்.

அதற்குப் பிறகு எடுத்த முடிவுகளில் பாதி அவர்களுடையவை. சரத்தை வலப்பக்கம் மாற்றி, அரிசி மூட்டையை எழுப்பி நிறுத்தினார்கள். பிள்ளைகள் சந்துப் படி வழியாக மேலே போக வேண்டும். கடைக்கு வரலாம், ஆனால் மாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. மாலைச் சாப்பாடு கடையின் பின்பக்கத்திலிருந்தே வந்தது. முன்பக்கம் தொங்கியதை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த சாக்குகளைப் பார்த்தோம்: கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை, பொரி. பையனே தினமும் ஒரு சாக்கைக் காட்டி, மறுநாளைக்கு ஊறப்போடும் வேலையை எடுத்துக்கொண்டான். தான் தேர்ந்தெடுத்ததை அவன் தின்னாமல் விட்டது குறைவு.

பரோட்டாவை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் பையன் இழப்பது அப்பாவை. அதனால் எட்டு மணிக்கு இருபது நிமிடம் தாய் கல்லாவில் உட்கார, அப்பா மேலே வந்து பிள்ளைகளோடு சாப்பிடுவது என்று வைத்தோம். பரோட்டா ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் போனது, ஐந்து பேருக்கும்.

அப்பத்தாவின் சமையலையே எல்லோருக்கும் ஆக்கலாமா என்று கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. "நோயாளிச் சாப்பாட்டைப் பச்சைப் பிள்ளைக்குப் போடுவதா?" ஒரு வாரம் பேச்சு நகரவில்லை. மருமகள்தான் வழி கண்டுபிடித்தார்: "அத்தை, இனி நீங்களே பரிமாறுங்கள்." கரண்டி அவர் கைக்குப் போனது. முதலில் பொரியல், பிறகு சோறு. இரண்டாம் முறை பிள்ளை கேட்டால் மட்டும். என்ன சமைப்பது, எப்போது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் வயிற்றுப் பொறுப்பு. நம் வீடுகளில் இதுதான் ஆகக் கடினம். விருந்தாளி மூன்று முறை 'போதும்' என்று சொன்ன பிறகுதான் நாம் கரண்டியை எடுக்கிறோம். முதல் 'போதும்' உபசாரத்துக்கு, அதைக் காதில் வாங்குவதில்லை. பிள்ளையின் முதல் 'போதும்' உபசாரம் அல்ல என்று அப்பத்தாவுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

பாலில் சீனியை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரை, ஒன்று, அரை என்று வாரம் வாரமாக இறக்கினோம். டம்ளர் மூன்றிலிருந்து இரண்டானது. பொடி தீர்ந்ததும் புதிதாகப் பிரிக்கவில்லை. வீட்டில் 'குண்டா' என்று செல்லமாகக் கூப்பிடுவதையும் அவன் எதிரில் எடையைப் பேசுவதையும் நிறுத்தச் சொன்னேன். மாலை ட்யூஷனை ஒரு மணி நேரம் குறைத்து அதைச் சைக்கிளுக்கும் விளையாட்டுக்கும் விட்டார்கள். இதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. தெருவில் பையன்கள் இருந்தார்கள், அவன் போனான்.

நடந்தது

டிசம்பரில் 130.4 செ.மீ., 32.6 கிலோ, பி.எம்.ஐ. 19.2. நடுவே தீபாவளி வந்து போயிருந்தது. பலகாரத்தை யாரும் எண்ணவில்லை, நானும் கேட்கவில்லை. மார்ச்சில் 131.8 செ.மீ., 32.4 கிலோ, 18.7. கணக்கு நோட்டின் வீட்டுப் பக்கத்தில் வார உருப்படிகள் 46இலிருந்து 15க்கு இறங்கியிருந்தன. அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் குறைந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை.

2024 ஏப்ரலில், இணைய விற்பனைத் தளங்கள் இத்தகைய பொடி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்ன செய்தி வந்தது. அப்பா அதைக் கத்தரித்து அப்பத்தாவிடம் காட்டினாராம். நான் ஏழு மாதம் சொன்னதைவிட அந்தத் தாள் துண்டு நன்றாக வேலை செய்தது.

பிறகு கோடை விடுமுறை. இரண்டு பிள்ளைகளும் மாமா வீட்டில் ஐந்து வாரம் இருந்தார்கள். மாமாவுக்கு மருமகன் மேல் உயிர். காலையில் பூரி, மதியம் பிரியாணி, மாலையில் குளிர்பானம், வெயிலுக்கு வெளியே போகாமல் தொலைக்காட்சி. ஜூனில் 133.2 செ.மீ., 34.1 கிலோ, விகிதம் மறுபடி 19.2. தாய் அழுதார். பையனோ, "அங்கே யாரும் சுண்டல் போடவில்லை" என்று ஒரு புகாரைப் போலச் சொன்னான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நம்பிக்கை திரும்பியது.

புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பழைய ஒழுங்குக்குத் திரும்பச் சொன்னேன். செப்டம்பரில் 134.3 செ.மீ., 33.9 கிலோ, 18.8. பதினான்கு மாதத்தில் ஆறு செ.மீ.க்கு மேல் வளர்ந்திருந்தான், எடை ஏறியது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இன்னும் அதிக எடைக் கோட்டுக்கு மேல்தான் இருக்கிறான், ஆனால் பருமன் கோடு அவனைவிட்டு விலகி மேலே போய்விட்டது. கழுத்துக் கருமை வெளிறியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. தங்கை தன் வளர்ச்சிக் கோட்டிலேயே போகிறாள். அவளுக்குத் தனியாக நெய்ச்சோறு ஊட்டுவது நின்றதால் அவள் இளைத்துவிடவில்லை.

மாற்றிச் செய்யக்கூடியவை

அட்டவணையைக் கொடுத்த அந்த மூன்று வாரத்தை அழிக்க முடிந்தால் அழிப்பேன். பிள்ளை ஒளிந்து தின்னக் கற்றது என்னால். இப்போது முதல் சந்திப்பில் 'பிள்ளை என்ன சாப்பிடுகிறான்' என்று கேட்பதில்லை. 'இவனுக்கு யார் யார் கொடுப்பீர்கள்' என்று கேட்கிறேன். தாய் எழுதும் நோட்டு தாய் கொடுத்ததை மட்டுமே காட்டும்.

அப்பாவை ஆகஸ்டு கடைசியில்தான் பேச்சுக்குள் இழுத்தேன். முதல் இரண்டு முறையும் அவர் கடையை விட்டு வர முடியாது என்றதை அப்படியே ஏற்றுக்கொண்டது தவறு. அவருக்கு வசதியான நேரத்தில் நான் போயிருக்கலாம். விடுமுறைக்கு முன் மாமாவிடம் ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தாலும் ஜூன் எண் வேறாக இருந்திருக்கும். தாய்வழி வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் நம் ஊரில் ஒரு பிள்ளையின் ஆண்டுக் கணக்கை எழுத முடியாது.

தீராமல் இருப்பது

கடைசிச் சந்திப்பில் அப்பா ஒன்று கேட்டார். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்ததைத் தெருப் பிள்ளைகளுக்கு விற்பது அவருக்கு உறுத்துகிறது. கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த தீனியைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை சொல்கிறது. இவர் கடை பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, அதனால் சட்டம் இவரைத் தொடாது. பொட்டலச் சரத்தில்தான் அன்றாடக் கைக்காசு வருகிறது. ஆடி மாதம் மாலை நேரத்தில் சுண்டலைத் தொன்னையில் வைத்து விற்றுப் பார்த்தார். முதல் வாரம் தீர்ந்தது, மூன்றாம் வாரம் பாதிச் சட்டி மாடிக்குத் திரும்பி வந்தது. அதோடு விட்டுவிட்டார்.

நான் பதில் எதுவும் சொல்லவில்லை. வலப்பக்கம் மாற்றிய சரம் அங்கேயேதான் தொங்குகிறது. நான்கு மணிக்கு வேன் வந்ததும் கடைசிப் பொட்டலத்தை எட்டிப் பிய்ப்பது இப்போது பக்கத்து வீட்டுப் பையன்.